பாதியில் நின்ற சிகிச்சை, முழுதாகக் கட்டிய பணம்

வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட நாய் வகைகள் பெரும்பாலும் சிறிய உடலைக் கொண்டவை. பூடல், பொமரேனியன், சிவாவா போன்ற இந்த நாய்களுக்கு அடிக்கடி வரும் தொல்லைகளுள் ஒன்று முழங்கால் சில்லு விலகுதல். ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தித் தத்திச் செல்லும். சிறிது நேரத்தில் சில்லு தானாகவே இடத்துக்குத் திரும்பிவிடும். நாயும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். நிலைமை முற்றினால் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வரும். அதன்பின், கால் தசைகளை மீண்டும் வலுவாக்குவதற்காக நீருக்குள் நடைப்பயிற்சி தருவதுண்டு. கண்ணாடித் தொட்டி ஒன்றின் அடியில் நகரும் பட்டை பொருத்தப்பட்டிருக்கும். தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, நாயை அதில் நடக்கவிடுவார்கள். நீர் உடலைத் தாங்குவதால் காலில் விழும் எடை குறையும். நீரை எதிர்த்து நடப்பதால் தசை வலுப்பெறும்.

இந்தப் பயிற்சி ஓரிரு முறையில் முடிந்துவிடுவதில்லை. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை எனப் பல வாரங்கள் தொடரவேண்டும். ஆகவே, இதனைத் தொகுப்புத் திட்டமாக விற்பது வழக்கம். ஒரு முறைக்குக் கட்டணம் 150 வெள்ளி; பத்து முறைக்கும் இன்றே கட்டினால் 1,200 வெள்ளி என்று ஒரு மருந்தகம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 300 வெள்ளி மிச்சமாகிறதே என்று ஒரு குடும்பம் பணத்தைக் கட்டிவிடுகிறது. நான்கு முறை பயிற்சி நன்றாக நடக்கிறது. ஐந்தாவது முறைக்கு அழைத்தால், “பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டார், புதியவர் வந்ததும் சொல்கிறோம்,” என்கிறார்கள். மூன்று வாரம் கழித்து மீண்டும் அழைத்தாலும் அதே பதில்தான். நாயின் கால் தசையோ இதற்குள் மெலியத் தொடங்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், முகப்பில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக் காட்டுகிறார்கள்: “செலுத்திய கட்டணம் எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படாது.”

அந்தக் குடும்பத்துக்கு என்ன உரிமை இருக்கிறது? எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கவேண்டும்? அதை எங்கே போய்க் கேட்பது?

முதலில், முன்கூட்டியே பணம் கட்டுவது என்றால் என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். உணவங்காடியில் சோறு வாங்கும்போது பணமும் சோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கை மாறுகின்றன. யாரும் யாரையும் நம்பிக் காத்திருக்கவேண்டியதில்லை. தொகுப்புத் திட்டம் அப்படிப்பட்டதன்று. நீங்கள் பணத்தை இன்று கொடுக்கிறீர்கள்; சேவையோ அடுத்த மூன்று மாதத்தில் சிறிது சிறிதாக வந்து சேரும். இடைப்பட்ட காலத்தில் நீங்கள் அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவர் போன்றவர். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. சலுகையாகத் தோன்றும் அந்த 300 வெள்ளி, நீங்கள் ஏற்றுக்கொண்ட இந்த ஆபத்துக்கான விலை. இப்படிச் சொல்வதால் தொகுப்புத் திட்டங்கள் எல்லாமே மோசம் என்று ஆகிவிடாது. நல்ல மருந்தகங்கள் பலவும் இவற்றை நேர்மையாகவே நடத்துகின்றன. ஆனால், எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

பணத்தைப் பெற்றுக்கொண்டு பத்து முறை பயிற்சி தருவதாகச் சொன்ன அந்த நொடியில் ஓர் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. கையொப்பமிட்ட தாள் இருந்தால்தான் ஒப்பந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாய்மொழியாகப் பேசியது, குறுஞ்செய்தியில் அனுப்பியது, ரசீதில் அச்சிட்டது ஆகிய எல்லாம் சேர்ந்து ஒப்பந்தமாகலாம். எழுத்தில் இருந்தால் மெய்ப்பிப்பது எளிது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு செய்தி உங்களில் சிலருக்கு வருத்தம் தரலாம். வீட்டில் தம்பி தங்கையைப் போல வளரும் நாயும் பூனையும் ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில் உடைமைகளே. விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிச்சட்டம் இருக்கிறது. ஆனால், பணத் தகராறு என்று வரும்போது, குடும்பத்தின் மனவேதனைக்கு இழப்பீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கணக்கு, பணத்தைச் சுற்றியே நடக்கும். ஆகவே, அந்தக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்துகொள்வோம்.

மூன்று கணக்குகள்

பத்து முறைக்கு 1,200 வெள்ளி. நான்கு முறை முடிந்தது. ஆறு முறை மீதி. எவ்வளவு திரும்ப வேண்டும்?

மருந்தகம் போடக்கூடிய கணக்கு இது: “ஒரு முறைக்கு எங்கள் வழக்கமான கட்டணம் 150 வெள்ளி. நான்கு முறைக்கு 600 வெள்ளி ஆகிவிட்டது. மீதி 600 வெள்ளிதான்.” சலுகை விலை பத்து முறையையும் முடிப்பவர்களுக்கு மட்டுமே என்பது இதன் அடிப்படை. வாடிக்கையாளரே பாதியில் விலகிக்கொண்டால் இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், இங்கே விலகியவர் வாடிக்கையாளர் அல்லர். சேவையைத் தரத் தவறியது மருந்தகம். தன் தவற்றைக் காரணமாக வைத்து அது சலுகையைப் பறிக்க முடியுமா?

இரண்டாவது கணக்கு எளிமையானது. ஒப்பந்த விலைப்படி ஒரு முறைக்கு 120 வெள்ளி. கிடைக்காத ஆறு முறைக்கு 720 வெள்ளி. பெரும்பாலான தகராறுகள் பேச்சுவார்த்தையில் இந்தத் தொகையை ஒட்டியே முடியும்.

மூன்றாவது கணக்கைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால், ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் மற்றவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அந்த நிலைக்குப் பணத்தால் அவரைக் கொண்டுவரவேண்டும் என்பதே இழப்பீட்டின் பொது விதி. ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் அந்த நாய்க்கு இன்னும் ஆறு முறை பயிற்சி கிடைத்திருக்கும். அதே பயிற்சியை வேறு மருந்தகத்தில் பெற இன்று முறைக்கு 150 வெள்ளி ஆகிறது என்றால், ஆறு முறைக்கு 900 வெள்ளி தேவை. ஆகவே, குடும்பம் 900 வெள்ளி கேட்பதற்குச் சட்டத்தில் அடிப்படை இருக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இழப்பைக் கூடுமானவரை குறைக்க நியாயமாக முயன்றிருக்கவேண்டும். முறைக்கு 150 வெள்ளிக்குப் பயிற்சி தரும் இடம் அருகிலேயே இருக்கும்போது, 300 வெள்ளி வாங்கும் இடத்துக்குப் போய்விட்டு முழுத் தொகையையும் கேட்க முடியாது.

600, 720, 900. ஒரே நிகழ்வு, மூன்று தொகைகள். எந்தத் தொகையைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்று சொல்லத் தெரிந்தவர், “ஏதாவது பார்த்துக் கொடுங்கள்” என்று கேட்பவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

சுவரில் ஒட்டிய அறிவிப்பு

“திருப்பித் தரப்படாது” என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பெரும்பாலோர் திரும்பி நடந்துவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு ஓரளவுக்குத்தான் செல்லும். வாடிக்கையாளர் மனம் மாறி, “இனி வேண்டாம்” என்று சொல்லும்போது அது பெரும்பாலும் செல்லும். ஆனால், மருந்தகமே சேவையைத் தராமல் இருந்துவிட்டு அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு செயல். சிங்கப்பூரில் நடப்பிலுள்ள நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இத்தகைய வாசகங்களுக்கு வரம்பு விதிக்கிறது. தன் அச்சிட்ட நிபந்தனைகளைக் காட்டி, “நான் எதையுமே செய்யாமல் இருக்கலாம்” என்று ஒரு வணிகர் பயனீட்டாளரிடம் சொல்லவேண்டுமானால், அந்த நிபந்தனை நியாயமானது என்பதை அவர் காட்டவேண்டும். பணத்தையும் வைத்துக்கொண்டு, சேவையையும் தராமல் இருக்க உதவும் நிபந்தனையை நியாயமானது என்று வாதிடுவது கடினம்.

இதோடு, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டமும் இருக்கிறது. இது 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. எவை நியாயமற்ற செயல்கள் என்று இச்சட்டம் பட்டியலிட்டுள்ளது. அவற்றுள் இரண்டு நம் தலைப்புக்கு நெருக்கமானவை. ஒன்று, அளவுக்கு மீறி ஒரு பக்கமே சாயும் கடுமையான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் புகுத்திப் பயனீட்டாளரைச் சுரண்டுவது. மற்றொன்று, முதலில் சொன்ன மதிப்பீட்டைவிட மிக அதிகமான தொகையை, பயனீட்டாளரின் முன் ஒப்புதல் இல்லாமல் வசூலிப்பது. இரண்டாவது, அறுவைச் சிகிச்சைகளில் தலைதூக்கும் பிரச்சினை. 2,000 வெள்ளி ஆகும் என்று சொல்லி முன்பணம் வாங்கியபின், 3,500 வெள்ளிக்குக் கட்டணச் சீட்டை நீட்டினால், இடையில் யாராவது உங்கள் வீட்டாரை அழைத்துச் சம்மதம் கேட்டார்களா என்பதே முக்கியக் கேள்வி. உயிர் காக்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல மருத்துவராலும் இயலாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் நல்ல மருந்தகங்கள், “இந்தத் தொகையைத் தாண்டினால் அழைப்போம்” என்று ஒப்புதல் படிவத்திலேயே ஒரு வரம்பை எழுதிவைக்கின்றன.

லெமன் சட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 செப்டம்பரில் வந்த அந்தச் சட்டம் குறையுள்ள பொருள்களுக்கானது. மருத்துவம், முடி திருத்துதல், பயிற்சி போன்ற சேவைகளுக்கு அது உதவாது. அதேபோல, எந்த ஒப்பந்தத்தையும் சில நாளுக்குள் காரணமின்றி ரத்து செய்யலாம் என்ற நம்பிக்கையும் தவறு. வீடு தேடி வந்து விற்பது போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்கே சட்டம் ஐந்து வேலை நாள் அவகாசம் தருகிறது. நீங்களே மருந்தகத்துக்குச் சென்று வாங்கிய தொகுப்புக்கு அந்த அவகாசம் கிடையாது. மருந்தகம் தானாக முன்வந்து தந்தால் உண்டு.

எது “முடிக்கப்படாத சிகிச்சை” என்பதிலும் குழப்பம் வருவதுண்டு. பத்து முறை பயிற்சியும் முடிந்தபின் நாய் இன்னும் நொண்டுகிறது என்றால், அது முடிக்கப்படாத சிகிச்சை அன்று. மருத்துவர் உறுதியளிப்பது அக்கறையையும் திறமையையும். குணமாகும் என்பதை அல்ல. மருத்துவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று கருதினால், அதைப் பற்றித் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடம் முறையிடலாம். 2019 ஏப்ரல் முதல் விலங்கு மருத்துவர்களுக்கும் மருந்தகங்களுக்கும் உரிமம் வழங்குவது இப்பிரிவே. ஆனால், அது தொழில்நெறியைக் கவனிக்கும் அமைப்பு. உங்கள் 720 வெள்ளியை வாங்கித் தருவது அதன் வேலையன்று. இரண்டு கதவுகளையும் குழப்பிக்கொண்டு தவறான கதவைத் தட்டுபவர்கள் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள்.

காலாவதித் தேதியும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்து, குடும்பம் மறந்துபோய் ஏழாவது மாதம் சென்றால், மருந்தகம் மறுக்கலாம். மாறாக, அந்த ஆறு மாதத்தில் நீங்கள் ஐந்து முறை அழைத்தும் இடம் கொடுக்காமல் விட்டுவிட்டு, “காலாவதியாகிவிட்டது” என்று சொன்னால், தவறு அவர்களுடையது. நீங்கள் அழைத்ததை மெய்ப்பிக்க முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொலைபேசியில் பேசினால், “இன்று அழைத்தேன், இடமில்லை என்றீர்கள்” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவைப்பது நல்லது. ஐந்து நிமிட வேலைதான்.

இனி, கேட்கவே மனம் வராத கேள்வி. தொகுப்பு முடியும் முன்பே செல்லப்பிராணி இறந்துவிட்டால்? ஒப்பந்தத்தில் அதைப் பற்றி எழுதியிருந்தால் அதன்படியே நடக்கும். எழுதவில்லை என்றால், இரு தரப்பின் தவறும் இல்லாமல் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டது என்று சட்டம் கருதும். இதற்கென்றே ஒரு தனிச்சட்டம் இருக்கிறது. அதன்படி, முன்கூட்டிக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மருந்தகம் ஏற்கெனவே செய்த செலவுக்காக ஒரு பகுதியை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். நடைமுறையில், பல மருந்தகங்கள் இத்தகைய வேளையில் சட்டம் பேசாமல் மீதியைத் திருப்பித் தருகின்றன, அல்லது வீட்டிலுள்ள வேறு பிராணிக்குப் பயன்படுத்த அனுமதிக்கின்றன. தயங்காமல் கேட்கலாம். கேட்பது நன்றியில்லாத செயல் ஆகாது.

எங்கே தொடங்குவது?

தகராறு தீரும்வரை நாய் காத்திருக்காது. எனவே, முதல் வேலை வேறொரு மருந்தகத்தைத் தேடிச் சிகிச்சையைத் தொடர்வது. அதற்கு முன்னதாகப் பழைய மருந்தகத்திடம் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். என்ன மருந்து, எந்த அளவு, எந்தத் தேதியில், ஊடுகதிர்ப் படம் எங்கே என்ற விவரங்கள் புதிய மருத்துவருக்குத் தேவை. பணத் தகராறு நடக்கிறது என்பதற்காக இதைக் கேட்கத் தயங்கவேண்டாம். வேறு இடத்தில் சிகிச்சையைத் தொடர்ந்தால் பணம் கேட்கும் உரிமை போய்விடுமோ என்ற அச்சமும் தேவையில்லை. புதிய இடத்தின் ரசீதுதான் மூன்றாவது கணக்குக்கான சான்று.

அடுத்தது, எழுத்தில் கேட்பது. கோபமான நீண்ட கடிதம் வேண்டாம். நீங்கள் வகுப்பில் எழுதும் அலுவல் கடிதத்தைப் போல, தேதிகளும் தொகைகளும் இருந்தால் போதும்:

“மார்ச் 2ஆம் தேதி பத்து முறை நீர்ப்பயிற்சிக்கு 1,200 வெள்ளி செலுத்தினோம். நான்கு முறை முடிந்துள்ளது. ஏப்ரல் 10, 20, மே 1 ஆகிய தேதிகளில் அடுத்த முறைக்கு நேரம் கேட்டோம், கிடைக்கவில்லை. எஞ்சிய ஆறு முறைக்கான 720 வெள்ளியை 14 நாள்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இல்லையேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாட எண்ணியுள்ளோம்.”

இதை மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளவேண்டும். 18 வயது நிரம்பாத நீங்கள் பொதுவாக இத்தகைய ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்கமாட்டீர்கள். பெற்றோரின் பெயரிலோ தாத்தா பாட்டியின் பெயரிலோ ரசீது இருக்கும். ஆனால், நம் வீடுகளில் ஆங்கிலப் படிவத்தைப் பாட்டிக்குப் படித்துச் சொல்பவர் யார்? குறுஞ்செய்திகளைத் திரையிலிருந்து படமெடுத்துச் சேமிக்கத் தெரிந்தவர் யார்? பல குடும்பங்களில் அது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைதான். நீங்கள் வாசித்துச் சொல்லும்போது சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் சேர்த்து வாசியுங்கள்.

ரசீதை வாசிக்கும்போது கடைப் பலகையிலுள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள். பலகையில் இருப்பது வணிகப் பெயர். பணத்தைப் பெற்ற நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறாக இருக்கலாம். ரசீதில் நிறுவனத்தின் தனி அடையாள எண் இருக்கும். யார்மீது கோரிக்கை வைப்பது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

மருந்தகம் பதில் தரவில்லை என்றால், ‘கேஸ்’ எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 1971இல் தொடங்கப்பட்ட இச்சங்கம் ஆலோசனை சொல்லும். கட்டணம் பெற்றுக்கொண்டு உங்கள் சார்பில் வணிகரோடு பேசும். இரு தரப்பையும் அமரவைத்துச் சமரசம் செய்துவைக்கும். ஆனால், அது நீதிமன்றம் அன்று. வணிகர் வர மறுத்தால் அதனால் கட்டாயப்படுத்த இயலாது. ஒரு வணிகர் பலரிடமும் தொடர்ந்து இப்படியே நடந்துகொண்டால், சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அவரை விசாரிக்கலாம். அச்செயலை நிறுத்துமாறு நீதிமன்ற ஆணை கேட்கலாம். நீங்கள் தரும் ஒரு புகார், இன்னும் பத்துப் பேரின் புகார்களோடு சேர்ந்து அந்த விசாரணைக்கு வித்தாகலாம்.

பணத்தை வாங்கித் தரும் அதிகாரம் உள்ள இடம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 1985 முதல் இயங்கும் இந்த மன்றம், சாதாரண மக்கள் வழக்கறிஞர் இல்லாமல் வரும்படி அமைக்கப்பட்டது. இல்லாமலும் வரலாம் என்பதில்லை. வழக்கறிஞர் வாதிடவே அனுமதி கிடையாது. பெரிய நிறுவனமும் ஒரு பாட்டியும் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து, தாங்களே பேசவேண்டும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும்; இரு தரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. பயனீட்டாளரின் கோரிக்கை 5,000 வெள்ளிக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். 720 வெள்ளிக்காக நீதிமன்றம் போவதா என்று தயங்குபவர்கள் இந்தத் தொகையைக் கேட்டு வியப்படைவார்கள். இணையம்வழியே பதிவு செய்யலாம். விசாரணைக்கு முன் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வாய்ப்புத் தரப்படும். தீராவிட்டால் நடுவர் இரு தரப்பையும் கேட்டு ஆணை பிறப்பிப்பார். அந்த ஆணை நீதிமன்ற ஆணைக்குரிய வலுவைப் பெற்றது. பணம் தராவிட்டால், நிறுவனத்தின் பொருள்களைக் கைப்பற்றி விற்று வசூலிக்கும் நடவடிக்கைவரை செல்லலாம்.

ஒரு காலக்கெடுவை மறக்கக்கூடாது: தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மன்றத்துக்கு வந்துவிடவேண்டும். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று மருந்தகம் சொல்லச் சொல்லக் காத்திருப்பவர்களுக்கும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கதவே மூடிக்கிடந்தால்

இதுவரை சொன்னவை எல்லாம் மருந்தகம் திறந்திருக்கும்போது பொருந்துபவை. ஒரு நாள் காலை கதவு பூட்டிக்கிடந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் உடற்பயிற்சிக் கூடங்கள் சிங்கப்பூரில் மூடப்பட்டபோது, நீண்ட காலத்துக்கு முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் அதை நேரில் கண்டார்கள். அவர்களுடைய உரிமை அழியவில்லை. ஆனால், அந்த உரிமைக்குப் பணம் தர யாரும் இல்லை.

நிறுவனம் கலைக்கப்படும்போது எஞ்சிய சொத்துகளைப் பிரித்துக் கொடுக்க ஒருவர் நியமிக்கப்படுவார். அடமானம் பெற்ற வங்கி, கலைப்புச் செலவு, ஊழியர் சம்பளம் என்று ஒரு வரிசை உண்டு. முன்பணம் கட்டிய வாடிக்கையாளர் அந்த வரிசையின் பின்பகுதியில், அடமானமில்லாத மற்றக் கடன்காரர்களோடு நிற்பார். அவர் செய்யவேண்டியது, தமக்கு வரவேண்டிய தொகையைக் குறிப்பிட்டுக் கடன் சான்றுப் படிவத்தை உரிய நேரத்தில் கொடுப்பதுதான். வெள்ளிக்குச் சில காசுகள் கிடைக்கலாம். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அந்த நிலையில் நடுவர் மன்றத்துக்குப் போவதும் பொதுவாக இயலாது. கலைப்பில் உள்ள நிறுவனத்தின்மீது வழக்கைத் தொடர நீதிமன்ற அனுமதி வேண்டும்.

பணத்தை எப்படிக் கட்டினீர்கள் என்பது இங்கே திடீரென்று முக்கியமாகிவிடுகிறது. கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால், அட்டையை வழங்கிய வங்கியிடம், கிடைக்காத சேவைக்கான தொகையைத் திரும்பப் பெற்றுத்தருமாறு விண்ணப்பிக்கலாம். வங்கி விசாரித்து முடிவு செய்யும். இதற்கும் காலக்கெடு உண்டு என்பதால் உடனே கேட்கவேண்டும். ரொக்கமாகவோ பேநவ் வழியாகவோ கட்டியிருந்தால் இந்த வழி இல்லை. சிறு தொகைக்கு இது பெரிய வேறுபாடன்று. ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்கும்போது, என் கருத்தில், அட்டையில் கட்டுவதே நல்லது. அதைவிட நல்லது, பத்து முறைக்குப் பதிலாக மூன்று முறைக்குக் கட்ட முடியுமா என்று கேட்பது. சலுகை குறையும், சிக்கிக்கொள்ளும் பணமும் குறையும்.

மூடிய மருந்தகம் இன்னொன்றையும் தன்னோடு பூட்டிவைத்துவிடுகிறது. நாய்க்குட்டிகளுக்கான தடுப்பூசித் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு சில வார இடைவெளியில், ஏறத்தாழ 16 வாரம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசிகள். ஒரே ஊசியோடு ஏன் நிறுத்துவதில்லை? தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பொருள்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை, தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அவை எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஊசி தொடர்ந்து போடப்படுகிறது. இரண்டாவது ஊசியோடு மருந்தகம் மூடிவிட்டால், மூன்றாவது ஊசியின் விலையைவிட அதன் தேதியே முக்கியம். பார்வோ போன்ற கொடிய கிருமி, கலைப்பு நடவடிக்கை முடியும்வரை காத்திருக்காது. புதிய மருத்துவர் முதலில் கேட்பது, இதுவரை எந்த ஊசி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதைத்தான். பழைய மருந்தகத்தின் கணினி எட்டாத நிலையில், அவருக்குப் பதில் சொல்லப்போவது உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கும் தடுப்பூசி அட்டை மட்டுமே. அதுவும் இல்லையென்றால், குட்டிக்கு ஊசியே போடப்படவில்லை என்று கருதி அவர் தொடக்கத்திலிருந்து மீண்டும் போடவேண்டி வரலாம்.